மிக்தாலியா எறிந்த முட்டை

என் மனைவி நெரெய்தாவைப் பற்றிக் கேட்டால் ஃப்ளோரிடாவின் ஹயலீயாவில் யாரும் முதலில் அவளுடைய கராஜைப் பற்றித்தான் சொல்வார்கள். அவளுடைய கராஜாம். வீட்டுக் கடனை இருபது வருஷத்துக்கு மேல் கட்டி முடித்தவன் நான் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. கார் நிறுத்தக் கட்டிய அந்த அறையில் ஒருநாள்கூடக் கார் நின்றதில்லை. வீட்டை வாங்கிய கையோடு நெரெய்தா அங்கே டைல்ஸ் ஒட்டி, மூலையில் கழிப்பறை ஒன்று வைத்து, சுவரில் ஓட்டை போட்டு ஏசியைச் சொருகிவிட்டாள். நகராட்சி ஆட்கள் பார்த்துவிடக் கூடாதே என்று முன்பக்கம் கராஜ் கதவை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள். அந்தக் கதவு திறக்காது, போய்வரப் பக்கத்துச் சுவரில் வேறு கதவு உண்டு, அவ்வளவுதான். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் லட்சணம் இதுதான். ஆனால் மற்றவர்கள் வாடகைக்கு விட்டார்கள். இவள் உறவுக்கு விட்டாள். உறவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் அவளுக்கு ஒரு கணக்கும் கிடையாது.

முதலில் வந்தது அவளுடைய சித்தி மகள், புருஷனோடு. இருவரும் சண்டை போட்டுப் பிரிந்ததும் சித்தி மகள் கிளம்பிப் போனாள், புருஷன் கராஜிலேயே தங்கிவிட்டான். அவனுக்கும் எங்களுக்கும் அப்போது என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். பாவம், அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்றாள். பிறகு எங்கள் சொந்த நாட்டுச் சாந்தா கிளாராவிலிருந்து ஒரு பல் டாக்டர். ஒரு வாரம் என்று வந்தவன் இங்கே கார் துடைத்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்து, பெண் பார்த்து, என் தோட்டத்திலேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டு ஒருவழியாகப் போனான். போனவன் மாமியாரை அனுப்பிவைத்தான். ஒருமுறை ஒரு கிழவர் வேறு யாரோ ஒரு நெரெய்தாவின் விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தார். தப்பான வீடு என்று தெரிந்த பிறகும் புயல் காலம் முடியும்வரை எங்களோடுதான் இருந்தார். முடியாது என்ற சொல்லை என் மனைவி என்னிடம் மட்டும்தான் சொல்வாள்.

ஆள் குள்ளம். குரல் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். வந்த புதிதில் ஒரு துணி ஃபேக்டரியில் கால்சட்டைகளுக்கு ஜிப் தைத்தாள். ஃபேக்டரியை மூடியதும் வீட்டிலேயே மெஷின் போட்டு, பதினைந்து வயதுப் பெண்களின் பிறந்தநாள் விழாவுக்கு அந்தப் பெரிய பெரிய கவுன்களைத் தைக்க ஆரம்பித்தாள். வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள், ஒன்றுகூடக் கீழே விழாது. நான் ஒரு பேக்கரியின் வண்டியோட்டி. காலையில் ரொட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எனக்கு நிம்மதி. திரும்பி வந்தால் என் நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

கராஜுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நெரெய்தா முதல்நாள் மூன்று விஷயங்கள் கொடுப்பாள். ஒரு தட்டுச் சோறும் கறுப்பு பீன்ஸும், ஒரு ஜோடி செருப்பு, பிறகு முட்டைக் கதை. சோற்றை வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கலாம். முட்டைக் கதையிலிருந்து தப்பித்தவன் கிடையாது.

கதை இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, மே மாதம். நாங்கள் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் சொந்த நாட்டில், ப்ளசேத்தாஸ் என்ற ஊரில் இருந்தோம். நாட்டை விட்டுப் போக நினைப்பவர்களுக்கு மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஃப்ளோரிடாவில் இருப்பவர்கள் படகு கொண்டுவந்து சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். நெரெய்தாவின் அண்ணன் ஓர் இறால் படகை அமர்த்திக்கொண்டு வந்து காத்திருந்தார். எங்களை அழைத்துப் போக அதிகாரிகள் வரும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும். போகிறவன் எல்லாம் புழு, கழிசடை என்று அந்த நாளில் பெயர். கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்காகத் தெருவைக் கண்காணிக்கிற தெருக் கமிட்டி, ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து வீட்டின் முன்னால் கத்தும். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். வெளியே கூச்சல், சுவரெல்லாம் முட்டை.

அந்தக் கமிட்டியின் தலைவி மிக்தாலியா. எதிர்வீடு. நெரெய்தாவோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவள். அதுமட்டுமில்லை, எங்கள் மகள் யமிலேக்கு ஞானத்தாய். கமிட்டித் தலைவி கோயில் பக்கம் தலைகாட்ட முடியாது என்பதால் ஞானஸ்நானத்தைப் பக்கத்து ஊரில் வைத்தோம். வெங்காயம் வாங்கப் போகிறேன் என்று தெருவில் சொல்லிவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள், குழந்தையைக் கையில் ஏந்தினாள், திரும்பும்போது மறக்காமல் வெங்காயமும் வாங்கிக்கொண்டு போனாள். அப்பேர்ப்பட்ட மிக்தாலியாதான் முதல் முட்டையை எறிந்தாள். ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாக நெரெய்தா தன் கண்ணால் பார்த்தாள்.

ஆரம்பத்தில் கதையில் ஓர் அட்டை முட்டைதான் இருந்தது. பிறகு கூடை ஆனது. ஜனாதிபதி ரீகன் பதவி முடிந்து போவதற்குள் லாரியில் வந்து இறங்கியது. நானும் அந்த வீட்டுக்குள்தானே இருந்தேன், அவ்வளவு முட்டை இல்லையே என்று ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "நீ குழந்தையத் தூக்கிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில படுத்திருந்தே. உனக்கென்னய்யா தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அது உண்மைதான். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. காது புளித்துப்போகும்வரை கேட்டேன்.

கதையின் முடிவு மட்டும் ஒருபோதும் மாறாது. "அவ என் முன்னாடி வந்து நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதக் கேட்டுட்டா நான் நிம்மதியாச் செத்துப்போவேன்" என்பாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த நாட்டை விட்டு வந்ததில் வீடு போயிற்று, அம்மா அப்பா சாவுக்குப் போக முடியவில்லை. அதையெல்லாம் பற்றி அவள் பேசவே மாட்டாள். இந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டும். ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கும். இவளுக்குச் சிக்கியது முட்டை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, யமிலே கையில் கொய்யா பஃப்ஸ் பெட்டியோடு வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெறும் கையோடு வந்தால் நல்ல செய்தி, பஃப்ஸோடு வந்தால் வில்லங்கம். மிக்தாலியா ஃப்ளோரிடாவில் இருக்கிறாள் என்றாள். தாம்பாவில் இருக்கிற மகன் வரவழைத்தானாம். மருமகளோடு ஒத்துப்போகவில்லை, வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். அந்த வயதில் வேறு போக்கிடம் இல்லை. தனக்கும் அவளுக்கும் சில வருஷமாகவே ஃபோனில் பேச்சு உண்டு என்பதையும் யமிலே அப்போதுதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நெரெய்தா தைத்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி செருகும் சின்னப் பஞ்சு மெத்தையில் குத்தினாள். நான் பஃப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றேன். கடைசி ஊசியையும் குத்திவிட்டு, எப்போது வருகிறாள் என்று கேட்டாள்.

கராஜ் காலியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. காரை உள்ளே விட ஆள் வைத்துக் கதவைச் சரிசெய்யலாம் என்று நான் விசாரித்துவைத்திருந்தேன். யமிலே போன பிறகு, உனக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா என்று நெரெய்தாவைக் கேட்டேன்.

"வரட்டும்யா," என்றாள். "என் கட்டில்ல படுக்கட்டும். என் சோத்தத் தின்னட்டும். என் சோத்தத் தின்னுக்கிட்டு எத்தன நாளைக்குத்தான் அந்த ஒரு வார்த்தையச் சொல்லாம இருப்பா? நானும் பாக்கறேன்."

மிக்தாலியா வந்தாள். ஒற்றைப் பெட்டி. எழுபதைத் தாண்டியும் முதுகு கொஞ்சமும் வளையவில்லை. யமிலே பெட்டியை இறக்கிவைத்துவிட்டு எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள்.

"குண்டாயிட்டே," என்றாள் மிக்தாலியா.

"நீ வத்திப்போயிட்டே," என்றாள் நெரெய்தா.

நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து இவ்வளவுதான் பேச்சு. கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள், சாவு வீட்டில் கொடுப்பதுபோல. மிக்தாலியா கராஜைச் சுற்றிப் பார்த்தாள். ஏசி சத்தம் போடுகிறது என்றாள். மெத்தை மெத்தென்று இருக்கிறது, இடுப்புக்கு ஆகாது என்றாள். பிறகு கட்டிலை அவளே இழுத்து, தெரு தெரிகிற மாதிரி ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

போட்டுக்கொண்டவள் சும்மா இருந்தாளா? வந்த இரண்டே வாரத்தில் தெருவில் யார் குப்பையைத் தப்பான நாளில் வெளியே வைக்கிறார்கள், யார் வீட்டு நாய் எங்கே அசிங்கம் பண்ணுகிறது, பச்சை வீட்டுக்காரன் ராத்திரி வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உண்மையில் எங்கே போகிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யாரும் கேட்கவில்லை, பழக்கம் விடவில்லை. ஒருநாள் வாசல்களில் வைத்துவிட்டுப் போகிற பார்சல்களைத் திருடுகிறவனைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொடுத்தாள். அன்றிலிருந்து தெருப் பெண்கள் எல்லாம் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் கண்காணிப்புக்குப் பயந்து கடலைத் தாண்டி ஓடிவந்தோமோ அது என் கராஜில் வந்து குடியேறி, என் சர்க்கரையைப் போட்டுக் காபி குடிக்கிறது.

ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. ப்ளசேத்தாஸைப் பற்றிப் பேசினாள். யார் செத்தார்கள், யார் வீடு இடிந்தது, பூங்காவில் எந்த மரம் விழுந்தது எல்லாம் சொன்னாள். எண்பதாம் வருஷத்துக்கு வந்தால் மட்டும் கப்பைக் கழுவ எழுந்து போய்விடுவாள். நெரெய்தா கேட்கவும் மாட்டாள். கேட்டு வாங்கினால் அது மன்னிப்பு இல்லையாம். அவளாகச் சொல்ல வேண்டுமாம்.

அப்போதுதான் முட்டை வர ஆரம்பித்தது. ஒருநாள் காலை மூன்று பேர் தட்டிலும் பொரித்த முட்டை. சரி என்று தின்றேன். மத்தியானம் சோற்றின் மேல் பொரித்த முட்டை. இரவு உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட். மறுநாள் வேகவைத்தது, அதற்கு மறுநாள் டூனா மீன் அடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விசேஷமாக ஃப்ளான் என்கிற முட்டைப் புட்டிங், ஒரு டஜன் மஞ்சள் கரு. ஒவ்வொரு தட்டையும் மிக்தாலியாவின் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டு நெரெய்தா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். ஜாடை புரிய வேண்டுமாம். அந்தக் குளிர்காலத்தில் கோழிகளுக்கு ஏதோ நோய் வந்து, முட்டை கிடைப்பதே பெரும்பாடு. கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தவன் நான்.

மிக்தாலியாவோ ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் தின்றாள். அங்கே முட்டையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம் என்றாள். கரு நன்றாக இளகலாக வந்திருக்கிறது என்று பாராட்டினாள். இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டாள். நெரெய்தா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று உடைத்து ஊற்றினாள். இரண்டு பேரின் நடுவே உட்கார்ந்து கொலஸ்ட்ரால் ஏறியது எனக்குத்தான். என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் வீட்டில் யாராவது கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

டிசம்பர் பிறந்ததும் என் பொறுமை போய்விட்டது. மிக்தாலியா பின்பக்கம் வெண்ணெய்ப்பழ மரத்தின் சருகுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போய், சுற்றி வளைக்காமல் கேட்டேன். இந்த வீட்டில் ஏன் இவ்வளவு முட்டை என்று உனக்கு உண்மையிலேயே புரியவில்லையா?

அவள் விளக்குமாற்றைச் சாய்த்துவைத்தாள். "எனக்கென்ன மூளையா இல்ல? முதல் நாள் தட்டு வெச்சப்பவே புரிஞ்சுது."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். அவளும் விடுவா, நானும் நாலு நாள் உயிரோட இருப்பேன்."

"அவ முதல்ல சொல்லட்டும்."

அவள் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மிக்தாலியா மறுபடியும் பெருக்க ஆரம்பித்துவிட்டாள், நான் நிற்கிற இடத்தையும் சேர்த்து. முட்டையடி வாங்கியவள் என்ன சொல்ல வேண்டும், எறிந்தவளுக்கு என்ன திமிர் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெரெய்தாவிடம் போய்ச் சொன்னால் வீடு ரெண்டாகும் என்று தெரிந்ததால் அடக்கிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில்தான் எல்லோரும் கூடுவார்கள். கராஜில் இருந்துவிட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் பிள்ளைகுட்டியோடு வருவார்கள். பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி இரவெல்லாம் ஊறவைத்த முழுப் பன்றியைக் காலையிலேயே பெட்டிக்குள் இறக்கிவிடுவேன். மரப்பெட்டி, உள்ளே தகரம், மூடியின் மேல் கரி நெருப்பு. பக்கத்திலேயே நின்று கரியைக் கிளறுவது என் வேலை. மற்றவர்கள் டொமினோ ஆடிக்கொண்டே எப்படிக் கிளற வேண்டும் என்று எனக்குச் சொல்வார்கள்.

வெயில் சாய்ந்து பன்றியைத் திருப்பிப் போட்டதும் காபி வந்தது. வழக்கமாக அதுதான் முட்டைக் கதை நேரம். அந்த வருஷம் நெரெய்தா வாய் திறக்காமல் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆச்சரியம், கொஞ்சம் சந்தோஷமும்கூட. அதைக் கெடுத்தவன் பல் டாக்டர். அவனுக்கு இந்தப் புதுக் கிழவி யார் என்று தெரியாது. "என்ன இந்த வருஷம் முட்டைக் கதை இல்லையா?" என்று உரக்கக் கேட்டான். யமிலே அவன் காலை மிதித்தாள். அவன் எதற்கு மிதிக்கிறாய் என்று அதையும் உரக்கக் கேட்டான்.

நெரெய்தா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். கதையைத் தொடங்கினாள். இந்த முறை பெயர் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பொம்பளை என்று மட்டும் சொன்னாள். ஆனால் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை மிக்தாலியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். லாரி இல்லை, கூடை இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் முடிக்கும்போது டொமினோக்காரர்கள்கூடக் கட்டைகளை நகர்த்தவில்லை.

"அவ வந்து என் முன்னாடி நின்னு ஒரு வார்த்தை சொல்லணும்," என்று முடித்தாள்.

மிக்தாலியா காபிக் கப்பை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். "முதல் முட்டை நான்தான் எறிஞ்சேன். ரெண்டாவதும் நான்தான். கை கடுக்கற வரைக்கும் எறிஞ்சேன்."

பல் டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கரிக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"ஏண்டீ?" என்றாள் நெரெய்தா. நாற்பது வருஷமாக வைத்திருந்த கேள்வி.

"நாட்ட விட்டுப் போற உத்தரவோட மோட்டார் சைக்கிள்ல வந்தவன் என் வீட்டுக் கதவத் தட்டி உன் வீடு எதுன்னு கேட்டான். நீ போறேன்னு எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். அன்னிக்குக் காலையில என் அடுப்படியில உக்காந்து காபி குடிச்சியே, நெரெய்தா. குழந்தை சட்டைக்குப் பட்டன் தைக்கணும், வெள்ளை நூல் குடுன்னு வாங்கிட்டுப் போனியே. படகுல போற சட்டைக்குப் பட்டன். என் நூலு. வாயத் தொறந்தியாடீ நீ?"

"நீ கமிட்டித் தலைவி. உங்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?"

"நான் அவளுக்கு ஞானத்தாய்." மிக்தாலியா யமிலேயைக் காட்டினாள். "சாயங்காலமானா என் கையால ஊட்டினாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும். ரெண்டு நாள் உன் வீட்டுக்கு எதிர்ல நின்னுக்கிட்டு இருந்தேன், அவ மொகத்தக்கூடக் காட்டல நீ. முட்டை எறிஞ்சாலாவது ஜன்னலத் தொறந்து என்னத் திட்டுவியான்னு பாத்தேன். நீ தொறக்கவே இல்ல. மூணாம் நாள் எழுந்து பாத்தா வீட்டுக்குச் சீல் வெச்சிருக்கான்."

யமிலே, போதும்மா என்றாள். இரண்டு அம்மாக்களில் யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நெரெய்தா மகள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். அவள் கேட்கக் காத்திருந்தது வேறு. வந்தது வேறு.

"சரி, சொல்லியிருந்தா?" என்றாள் கடைசியில். "சொல்லியிருந்தா எங்களப் போக விட்டிருப்பியா?"

மிக்தாலியா, விட்டிருப்பேன் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். யாரால் மறுக்க முடியும்? எனக்கே அவள் அதைச் சொல்லித் தொலைக்க மாட்டாளா என்று இருந்தது.

"மாட்டேன்," என்றாள். "எப்படிடீ விடுவேன்?"

நெரெய்தா நின்ற இடத்திலேயே, கிழங்குத் தோல் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கதையைச் சொல்லி எத்தனையோ பேரை அழவைத்தவள், அதற்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மிக்தாலியா எழுந்து வந்து தேற்றவும் இல்லை. தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து அவளும் அழுதாள். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பன்றியின் ஒரு பக்கம் கருகிவிட்டது. அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

மிக்தாலியா இன்னும் கராஜில்தான் இருக்கிறாள். இரண்டு பேரும் தினமும் சண்டை போடுகிறார்கள். ஏசிக்குச் சண்டை, டிவி சத்தத்துக்குச் சண்டை, பீன்ஸில் சீரகம் போடுவதா வேண்டாமா என்று ஒரு மணி நேரச் சண்டை. மன்னிப்பு என்ற சொல்லை இன்றுவரை இவளும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு அழுதவர்கள் அந்த ஒன்றைச் சொல்லி முடித்தால் என்ன என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நெரெய்தா முனைக்கடைக்கு ரொட்டி வாங்கப் போவதென்றாலும், நான் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாலும், முதலில் போய்க் கராஜ் கதவைத் தட்டி, "மிக்தாலியா, நான் போயிட்டு வரேன்டீ" என்று சொல்கிறாள். உள்ளேயிருந்து பதில் வரும்வரை அவள் காரில் ஏறுவதில்லை.